கெண்டைக்கால் வலிக்கு இதய வைத்தியம்

காலையில் பால் வாங்கக் கிளம்புகிறவர் தெருமுனை தாண்டியதும் நின்றுவிடுகிறார். சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, வராத அழைப்பைப் பார்க்கிறார். இரண்டு நிமிடம் கழித்து நடக்கிறார். ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி நிற்கிறார். இந்த முறை மளிகைக் கடைப் பலகையில் எழுதியிருக்கும் அரிசி விலையைப் படிக்கிறார். வலியை வெளியில் காட்டக் கூச்சப்பட்டு, கடை வாசலில் வேடிக்கை பார்ப்பதுபோல நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஜெர்மானியர்கள் இதைக் ‘கடை ஜன்னல் நோய்’ என்றே சொல்கிறார்கள்.

நம் ஊரில் இவருக்கு வீட்டார் சொல்லும் காரணம், ‘வயசாயிடுச்சு.’ பக்கத்துக் கிளினிக்கில் மூட்டுத் தேய்மானம். மருந்துக் கடையில் நரம்புத் தளர்ச்சி, கையோடு ஓர் அட்டை வைட்டமின் மாத்திரை. இப்படியே மாதங்கள் கழிந்து, விரலிடுக்கில் ஆறாத ஒரு புண்ணோடு என்னைப் போன்ற ரத்தநாள அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் வந்துசேர்கிறார். ‘காலைக் காப்பாத்திடலாமா டாக்டர்?’ என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. அவருடைய கோப்பைப் புரட்டும்போது எனக்கு எழும் கேள்வி வேறு: இவருடைய இதயத்தை இதுவரை யாராவது பார்த்தார்களா?

கால் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதை சுருங்கும் நோய் இது. உட்கார்ந்திருக்கும்போது கெண்டைக்கால் தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். சுருங்கிய குழாயே அதைக் கொடுத்துவிடும். நடக்கத் தொடங்கியதும் தேவை பல மடங்காகிறது, குழாயால் ஈடுகொடுக்க முடிவதில்லை, தசை இழுத்துப் பிடிக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் பிடிப்பு விட்டுவிடுகிறது. குறிப்பிட்ட தூரத்தில் வருவதும், வெறுமனே நின்றாலே போய்விடுவதும் இதன் அடையாளம். மூட்டுத் தேய்மானம் இப்படி நடந்துகொள்ளாது; உட்கார்ந்து எழும்போதும் படியேறும்போதும் குத்தும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குண்டால் வரும் வலி, நின்றால் போகாது. உட்காரவோ முன்னால் குனியவோ வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தறிய முதலில் ஸ்கேன் தேவையில்லை. நோயாளியை ஐந்து நிமிடம் பேசவிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடம்தான் நம் வெளிநோயாளிகள் பிரிவுகளில் கிடைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

வலியே இல்லாமல் நோய் முற்றுவதும் உண்டு. பல வருடங்களாக சுகர் உள்ளவர்களுக்குப் பாத நரம்புகள் மரத்துப்போயிருக்கும். அதிகம் நடக்காதவர்களுக்கு, வலிக்கத் தொடங்கும் அந்தத் தூரமே வருவதில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலேயே நாளைக் கழிக்கும் பெண்களிடம் இதைப் பார்க்கிறேன். ‘எங்கேம்மா நடக்கிறேன், வலிக்கிறதுக்கு?’ என்பார்கள். அவர்கள் வரும்போது நோய் இரண்டு படி தாண்டியிருக்கும்.

கால் நோயை இதய நோய் என்று ஏன் சொல்கிறேன்? மேலை நாடுகளில் இந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துக் கிடைத்த கணக்கு ஒன்று உண்டு. நடந்தால் கால் வலிக்கும் நூறு பேரை ஐந்தாண்டு கவனித்தால், 70 முதல் 80 பேருக்குக் கால் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். காலே போய்விடும் என்ற அபாய நிலைக்குப் போகிறவர்கள் ஓரிருவர். ஆனால், அதே ஐந்தாண்டுக்குள் 10 முதல் 15 பேர் இறந்திருப்பார்கள்; அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தநாளக் காரணங்களால். இன்னும் 20 பேர் மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்திருப்பார்கள். சுகர் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் மிகுந்த நம் நாட்டில் கால் கணக்கு இதைவிட மோசமாகத்தான் இருக்கும். அப்படியும் திசை மாறாது: காலில் அடைப்பு இருப்பவருக்கு முதல் ஆபத்து மார்பில் இருக்கிறது. உடம்பெங்கும் ஓடுவது ஒரே குழாய் வலை. தொடையில் படிந்தது இதயத்திலும் கழுத்திலும் படியாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

உலகில் 2010ஆம் ஆண்டிலேயே சுமார் 20 கோடிப் பேருக்குக் கால் தமனி நோய் இருந்ததாக மதிப்பிட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சுகர் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே, 53 வயது வாக்கில், வந்துவிடுகிறது. புகை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு, சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை, மது ஆகிய ஒன்பது விஷயங்களே மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் தீர்மானிக்கின்றன என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். ‘எங்க குடும்பத்துலயே இருக்கு, என்ன செய்ய’ என்று கையை விரிப்பவர்களிடம் நான் இந்த ஒன்பதையும் எண்ணிக்காட்டுவது வழக்கம்.

ஒரு வரலாற்றுச் செய்தியை இங்கே சொல்ல வேண்டும். இன்று எல்லோருக்கும் தெரிந்த ஆஞ்சியோபிளாஸ்டி, இதயத்தில் தொடங்கியதல்ல. 1964 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியை உள்ளிருந்தே விரித்துக் கொடுத்தார். கால் விரல்கள் கருத்து, காலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லி, அந்தப் பாட்டி மறுத்திருந்த நிலைமை. அதன் பிறகு அவர் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலமும் சொந்தக் காலில்தான் நடந்தார். சக மருத்துவர்கள் டாட்டரைக் கிறுக்கர் என்றார்கள். ஐரோப்பாவில் அவருடைய வழியைப் பிடித்துக்கொண்ட ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் முதலில் பலூனைக் கால் தமனியில்தான் விரித்தார். சூரிக்கில் 1977இல்தான் அது இதயத்துக்குப் போனது. கால் கற்றுக்கொடுத்த வித்தை இதயத்துக்குப் போய்ப் பணமும் புகழும் பெற்றுவிட்டது. கால், வெளிநோயாளிகள் வரிசையிலேயே நிற்கிறது.

ஊரெங்கும் விற்கும் ‘மாஸ்டர் செக்கப்’ பட்டியல்களைப் பாருங்கள். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், முப்பது வகை ரத்தப் பரிசோதனை. பலவற்றில் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேல்புறத்திலும் கணுக்காலின் உள்பக்கத்திலும் விரல் வைத்து நாடி பார்ப்பது இருக்காது. செலவில்லாத பரிசோதனைக்கு ரசீது போட முடியாதே!

அடுத்த படி, கணுக்காலில் ரத்தஅழுத்தம் பார்ப்பது. கையில் கட்டும் அதே பிபி பட்டையைக் கணுக்காலுக்கு மேல் கட்டி, ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதிலாக ஒரு கையடக்க டாப்ளர் கருவியால் கேட்க வேண்டும். கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் 0.6. சாதாரணமாக இது 1 முதல் 1.4 வரை இருக்கும். 0.9க்குக் கீழே இறங்கினால் அடைப்பு உறுதி, 0.4க்குக் கீழே போனால் கால் ஆபத்தில் இருக்கிறது. எண் 1.4ஐத் தாண்டினாலும் சந்தோஷப்பட முடியாது. சுகரிலும் சிறுநீரகக் கோளாறிலும் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்துவிடும்; அமுக்கினால் அமுங்காது; பொய்யாக அதிகம் காட்டும். அப்போது கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் கால்மணி நேரம் ஆகும். ஊசி இல்லை, மயக்கம் இல்லை.

நோய் உறுதியானதும் நான் எழுதும் முதல் சிகிச்சையைக் கேட்டு நோயாளிகள் ஏமாந்துபோகிறார்கள். ‘நடந்தா வலிக்குதுன்னு வந்தா, நடக்கச் சொல்றீங்களே!’ ஆம், நடக்கத்தான். அதுவும் வலி வரும்வரை. கெண்டைக்கால் பிடிக்கத் தொடங்கி, ‘இனி கொஞ்சம் கஷ்டம்’ என்ற அளவுக்கு வந்ததும் நிற்க வேண்டும். வலி முழுவதும் விட்ட பிறகு மறுபடி நடக்க வேண்டும். இப்படி நடையும் ஓய்வுமாக முதலில் அரை மணி நேரம், போகப்போக முக்கால் மணி நேரம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், மூன்று மாதம். இரண்டாவது மாதம் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. நிறையப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். தாண்டியவர்களில் பலருக்கு நடக்கும் தூரம் இரட்டிப்பாகிறது.

அடைப்பு அப்படியே இருக்கும்போது இது எப்படி முடிகிறது? அடைப்பைச் சுற்றிக் கிளைக்குழாய்கள் விரிவது காரணத்தில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி தசையில் நடக்கிறது. கிடைக்கும் கொஞ்சம் ஆக்ஸிஜனைச் சிக்கனமாகச் செலவிடத் தசை பழகுகிறது. குழாயின் உட்சுவர் தன்னைத் தளர்த்திக்கொள்ளும் திறனை ஓரளவு மீட்டுக்கொள்கிறது. அமெரிக்காவில் ‘கிளெவர்’ என்ற ஆய்வு நடந்தது. 2012இல் முடிவு வெளியானது. வயிற்றுக்குக் கீழே இடுப்புத் தமனியில் அடைப்புள்ளவர்களை ஒரு பக்கம் ஸ்டென்ட், மறு பக்கம் கண்காணிப்புடன் நடைப்பயிற்சி என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில், நடக்கும் நேரம் அதிகம் கூடியது நடந்தவர்களுக்குத்தான். ஸ்டென்ட் வைப்பது என் தொழில். ஆனாலும் சொல்கிறேன்: கெண்டைக்கால் வலி ஒன்றை மட்டும் காரணமாக வைத்து, முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்களில் பலூனும் ஸ்டென்ட்டும் போடச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். புண் இருந்தால், இரவில் படுக்கையிலேயே வலித்தால், விரல் கருத்தால் கதை வேறு. அங்கே தாமதம்தான் காலைக் கொல்லும். நடைப்பயிற்சியும் அப்போது கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்குகிறது என்றால் முதலில் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் கால்.

நடை இதயத்துக்கு என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்று லண்டன் பேருந்தில் இருக்கிறது. 1953இல் ஜெரமி மாரிஸ் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டடுக்குப் பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பேருந்து, ஒரே சாலை, ஒரே புகை.

எங்கே நடப்பது என்பதுதான் நம் ஊரில் கேள்வி. நடைபாதையில் பைக் நிற்கிறது, டிரான்ஸ்பார்மர் நிற்கிறது, இட்லிக் கடை நிற்கிறது. மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் நல்ல யோசனை. ஆனால் 200 மீட்டரில் நின்றுவிடுகிறவருக்கு வேண்டியது 200 மீட்டருக்கு ஒரு பெஞ்ச். அது வழியில் இருக்கிறதா என்று யோசித்துத்தான் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவதா, வேண்டாமா என்று தீர்மானிக்கிறார். வழியில்லாதவர்களுக்கு நான் சொல்வது மொட்டை மாடி. எட்டுப் போட்டு நடப்பது இப்போது பரவியிருக்கிறது, கெடுதல் இல்லை. ஆனால் அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் வராது. கெண்டைக்காலுக்கு வேலை குறைவு. இந்த நோய்க்கு, முடிந்தவரை நீளமான நேர்க்கோடு நல்லது.

புகையிலையைப் பற்றிச் சுருக்கமாகப் பேச முடியாது. கால் தமனியை அதைப்போல் கெடுப்பது வேறெதுவும் இல்லை. ‘சிகரெட் விட்டுட்டேன் டாக்டர், பீடிதான்’ என்று நல்ல செய்தி சொல்வதுபோல் சொல்கிறவர்கள் உண்டு. பீடி அணையாமல் இருக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இலையின் வழியே காற்றும் அதிகம் புகாது. அதனால் அளவில் சிறியதானாலும் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் தாராளமாகவே போகின்றன. இன்னொரு கொடுமையான நோய் இருக்கிறது. 1908இல் லியோ பர்கர் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. முப்பதுகளில் இருக்கும் ஆண்கள், கொழுப்பு சரியாக இருக்கும், சுகர் இருக்காது. புகையிலை மட்டும் இருக்கும். கை, கால் விரல்களின் சிறு குழாய்கள் வீங்கி அடைத்து, விரல் விரலாகக் கருக்கும். அதற்கு நிச்சயமாகப் பலன் தரும் சிகிச்சை ஒன்றே ஒன்று: புகையிலையை முற்றிலும் விடுவது. நாளைக்கு இரண்டு என்று குறைத்துக்கொள்வது வேலைக்காகாது. ஒரு விரலை எடுத்த பிறகு வார்டின் பின்வாசலில் நின்று பீடி பற்றவைக்கும் இளைஞனைத் திட்டிப் பயனில்லை என்பதை நாங்கள் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். அது அடிமைத்தனம், அதற்கு மருந்தும் ஆலோசனையும் வேண்டும். நிகோடின் சூயிங்கம், பட்டை, மாத்திரை எல்லாம் இருக்கின்றன. புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

மருந்துகளில் அதிகம் கைவிடப்படுவது கொழுப்பு மாத்திரை, ஸ்டாட்டின். ‘கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட் வந்திருக்கு, அதனால நிறுத்திட்டேன்.’ மாத்திரை சாப்பிட்டதால்தானே நார்மல்! தவிர, காலில் அடைப்பு வந்தவருக்கு ரிப்போர்ட்டின் ‘நார்மல்’ பொருந்தாது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும். பிரிட்டனில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வில், தொடக்கத்தில் கொலஸ்ட்ரால் எவ்வளவு இருந்தாலும், கால் தமனி நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்தது. இன்னொரு புகார், மாத்திரையால் உடம்பு வலிக்கிறது என்பது. உண்மையிலேயே தசை பாதிக்கப்படுகிறவர்கள் உண்டு, குறைவு. 2020இல் வந்த ‘சாம்சன்’ ஆய்வில், வலி என்று சொல்லி ஸ்டாட்டினை நிறுத்தியவர்களுக்கே சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரையிலும் வந்தது. வாட்ஸ்அப்பில் வரும் ஸ்டாட்டின் எதிர்ப்புக் காணொளிகளுக்கு இந்த விளைவில் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம்.

அதோடு ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ ஒன்று. சுகர், பிபி மாத்திரைகள். நடக்கும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டும் சிலோஸ்டசோல் என்ற மாத்திரையும் இருக்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகக் கேட்டது என்று வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சமையலறைக்கு வருவோம். இங்கே எல்லோரும் நிபுணர்கள், நான்தான் மாணவன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பளவு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி. சாம்பார், ரசம், பொரியலில் போடுவதைக் குறைத்தாலும், ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மோர்மிளகாயும் கணக்கை மீறிவிடும். ‘நான் இந்துப்புதான்’ என்று பெருமைப்படுகிறவர்களுக்கு: அதுவும் சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காதது என்ற குறை வேறு. சோடியத்தில் கொஞ்சம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு ரத்தக்கொதிப்புக்கு நல்லது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சில பிபி மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

எண்ணெயில் செக்கு, ரீபைண்ட் என்ற சண்டையில் நேரம் போகிறது; அளவை யாரும் பேசுவதில்லை. செக்கில் ஆட்டினாலும் ஒரு கரண்டிக்கு ஒரே கலோரிதான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்ற கணக்கில் நின்றால் எந்த எண்ணெய் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு: நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள், தேங்காயெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். ஏழைகளின் சமையலுக்கு அரசே மானியம் கொடுத்து வழங்கும் எண்ணெய் இது. கடலையும் எள்ளும் விளையும் மாநிலத்தில், விவசாயிகள் நெடுநாளாகக் கேட்டுவரும் மாற்றத்தை இதய மருத்துவத்தின் கோரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம். உணவிலிருக்கும் செயற்கை டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரி முதல் இரண்டு சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது நல்ல சட்டம். பஜ்ஜிக் கடையில் ஒரே எண்ணெய் காலை முதல் இரவு வரை கொதிப்பதை அந்தச் சட்டம் எட்டவில்லை.

சோற்றை விடச் சொல்வதில்லை நான். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதி பருப்போ மீனோ முட்டையோ. கல்யாண வீட்டு இலையில் இது நடக்காது, வீட்டில் நடக்கும்.

அடைப்போடு வாழ்கிறவருக்கு, சமையலறைக்குச் சமமான அக்கறை பாதத்துக்கும் வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த பாதத்தில் சின்னக் கீறலும் ஆறாது. தினம் ஒருமுறை விரலிடுக்கு உட்படப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், பேரக்குழந்தையைப் பார்க்கச் சொல்லலாம். மெட்டியும் அதன் அடியில் உள்ள தோலும் பெண்கள் கவனிக்க மறக்கும் இடம். கால் குளிர்கிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மரத்த காலில் சூடு தெரியாமல் வெந்துபோய் வருகிறவர்கள் எண்ணிக்கை எரிச்சலூட்டும் அளவுக்கு இருக்கிறது. ஆணிக்காலை பிளேடால் சீவுவதும் அப்படியே. வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். ‘பூஜையறை இருக்கே டாக்டர்’ என்பார்கள். அதற்குத் தனியாக ஒரு ஜோடி மெத்தென்ற எம்சிஆர் செருப்பு வைத்துக்கொண்டால் தெய்வக்குற்றம் இல்லை. சித்திரை வெயிலில் நண்பகலில் கோயில் கல்தளத்தில் நடந்து, மாலையில் கொப்புளம் பார்த்துத்தான் சுட்டதே தெரிந்தது என்பார்கள். விடியற்காலையிலோ அந்தி சாய்ந்த பிறகோ போங்கள். பாதயாத்திரையும் தீமிதியும் இந்தக் கால்களுக்கு இல்லை. வேண்டுதல் இருந்தால் குடும்பத்தில் வேறொருவர் நிறைவேற்றட்டும்.

கால் நரம்பு சுருண்டு புடைப்பது வேறு நோய். ரத்தம் மேலே திரும்பும் சிரைகளின் கோளாறு அது. நாள் முழுக்க நிற்கும் துணிக்கடைப் பெண்களுக்கும் ஓட்டல் மாஸ்டர்களுக்கும் வரும். உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021இல் சட்டமாக்கியது இவர்களுக்காகத்தான். சட்டம் இருக்கிறது, பல கடைகளில் ஸ்டூலைக் காணோம். இங்கே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சிரை நோயில் காலை உயர்த்தினால் சுகம், இறுக்கமான காலுறை மருந்து. தமனி அடைப்பில் காலைத் தொங்கவிட்டால்தான் சுகம். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டே தூங்குகிறவர் இருந்தால் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அந்தக் காலில் இறுக்கமான காலுறையோ கிரேப் கட்டோ போட்டால் இருக்கும் ரத்தமும் போகாது.

திடீரென ஒரு கால் சில்லிட்டு, வெளுத்து, தாங்க முடியாமல் வலித்து, உணர்வு போனால் அது காலுக்கு வந்த மாரடைப்பு. ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்ப வேண்டும். எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருக்கும் நேரமல்ல; 108ஐக் கூப்பிட வேண்டும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023இல் வந்தது. சுகர் உள்ளவர்களின் பாதத்துக்கென ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டமும் இருக்கிறது. மூன்றும் நல்லவை, மூன்றுக்கும் நடுவில் ஓர் ஆள் விழுந்துவிடுகிறார். சுகர் இல்லாத, பீடி குடிக்கும், நெஞ்சுவலி இன்னும் வராத, தெருமுனையில் நிற்கும் ஆள். அவரைப் பிடிக்கப் புதுத் திட்டம் வேண்டாம். பிபி பார்க்க வரும் அந்தப் பெண், ‘நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதாண்ணா? நின்னா விட்டுடுதா?’ என்று கூடுதலாக இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஆம் என்றவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு டாப்ளர் கருவியும் ஒரு மணி நேரப் பயிற்சியும் பெற்ற செவிலியர் கணுக்கால் அழுத்தம் பார்த்துவிடலாம். எண் 0.9க்குக் கீழே இருந்தால் ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் அந்த நிலையத்தின் மருந்தகத்திலேயே இருக்கின்றன. எழுதிக்கொடுக்க மருத்துவர் அங்கேயே இருக்கிறார். என்னிடம் அனுப்ப வேண்டியது, புண்ணோ இரவு வலியோ உள்ள சிலரை மட்டும்தான்.

- கட்டுரையாளர், ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணர்.